முதலில் யாரிடம் சொல்வது?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. குழுப் பணியை ஒப்படைத்துவிட்டு நானும் ஒரு வகுப்பு நண்பரும் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். தே ஹாலியா ஆறிக்கொண்டிருந்தது. நண்பர் கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலேயே பேசினார்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் பையன் இல்ல. சின்ன வயசுலேருந்தே எனக்குத் தெரியும்.”

நான் சிரித்துவிட்டேன். கேலி செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டேன். அவரும் சிரித்தார். “சும்மாதான் சொன்னேன், விடு,” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுக்கில் வைத்துவிட்டு, பேருந்து வந்துவிடும் என்று கிளம்பிவிட்டார்.

அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல அவருக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன என்பதும், என் சிரிப்புக்குப் பிறகு இன்னொருவரிடம் சொல்ல மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தன.

தன் பாலின அடையாளத்தை முதன்முறையாகச் சொல்பவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று நாம் பேசுகிறோம். கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று குறைவாகவே பேசுகிறோம். இந்தக் கட்டுரை இருவருக்குமானது.

சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

பிறந்தபோது ஆண் என்று பதிவு செய்யப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பிறந்தபோது பெண் என்று பதிவு செய்யப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. யார்மீது காதல் வருகிறது என்பது வேறு கேள்வி. தான் யார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் முதல் உரையாடலே தடம் மாறிப்போகிறது.

“இது ஒரு மனநோய்தானே?” என்று சிலர் கேட்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஒரு காலத்தில் இது மனநலக் கோளாறுகளின் கீழ்தான் இருந்தது. 2019ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த புதிய பட்டியலில் அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மருத்துவ உதவி தேவைப்படுவோருக்கு அது கிடைக்க வேண்டும் என்பதற்காக, பாலியல் நலம் தொடர்பான வேறொரு பிரிவில் அது இடம்பெற்றுள்ளது. அப்படி உணர்வது நோய் அன்று. அதை மறைத்துக்கொண்டு தனியாக வாழ வேண்டியிருப்பதுதான் பலரின் மனநலத்தைக் கெடுக்கிறது.

தமிழ் மாணவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கப்பள்ளியிலேயே உயர்திணை, அஃறிணை படிக்கிறோம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், ஆண், பெண் என்ற இரண்டிலும் நேரே அடங்காதவர்களைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர்களை உயர்திணையில்தான் வைக்கிறது. அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை என்றும், உயர்திணை விகுதிகளையே பெறுவார்கள் என்றும் சொல்கிறது. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழைமையான இலக்கணம் மனிதர் என்று எழுதி வைத்தவர்களை, பள்ளி நடைவழியில் “அது வருது பாரு” என்று சொல்பவர் தமிழையும் பிழையாகத்தான் பேசுகிறார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு மருத்துவர்

“இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் இணையத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது” என்ற பேச்சும் உண்டு. சிங்கப்பூரின் வரலாறு வேறு கதையைச் சொல்கிறது.

1971ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூருக்கு வந்து மருத்துவம் படித்த தமிழர். 1983இல் ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை சிங்கப்பூரில் பிறந்தபோது அந்த மருத்துவக் குழுவை வழிநடத்தியவரும் அவரே.

1971இல் சிகிச்சை பெற்றவருக்கு அப்போது வயது 24. அன்று இணையம் இல்லை, வழிகாட்ட அமைப்புகள் இல்லை, தமிழிலோ மலாயிலோ சீனத்திலோ இதற்கு மரியாதையான ஒரு சொல்கூட இல்லை. அவர் மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போய்த் தன் நிலையைச் சொன்னார். மருத்துவர் அவரைத் துரத்திவிடவில்லை. உடனே கத்தியை எடுக்கவும் இல்லை. மருத்துவ நூல்களைத் தேடிப் படித்தார். மனநல மருத்துவர்களிடம் அனுப்பி மதிப்பீடு செய்யச் சொன்னார். சுகாதார அமைச்சின் அனுமதியைப் பெற்றார். அதன் பிறகே சிகிச்சை நடந்தது.

அறுவை சிகிச்சை பெற்றவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள 1973 முதல் வழி ஏற்பட்டது. 1996இல் மாதர் சாசனம் திருத்தப்பட்டு, அவர்கள் புதிய பாலினத்தின்படி திருமணம் செய்துகொள்ளவும் சட்டம் இடம் கொடுத்தது.

இந்த வரலாற்றில் இளையர்கள் கவனிக்க வேண்டியது அறுவை சிகிச்சையை மட்டுமன்று. எல்லாத் திருநங்கையரும் திருநம்பிகளும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. கவனிக்க வேண்டியது, ஒருவர் சொன்னார், ஒருவர் காது கொடுத்துக் கேட்டார் என்பதை. பிற மாற்றங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

மதுரையில் இரண்டு சிநேகிதிகள்

2019இல் இந்தியாவின் பத்மஸ்ரீ விருதைப் பெற்ற நர்த்தகி நடராஜ், அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை. பரதநாட்டியக் கலைஞர். மதுரையில் வளர்ந்தவர். அவருடைய பேட்டிகளில் எப்போதும் இன்னொரு பெயரும் வரும்: சக்தி பாஸ்கர். இருவரும் சிறுவயதுத் தோழியர். இருவரும் திருநங்கையர்.

உள்ளே இருப்பதை வெளியில் சொல்ல வார்த்தை தெரியாத வயதில், இருவரும் ஒருவரிடம் ஒருவர் அடைக்கலம் தேடினர். வீடு, தெரு, பள்ளி எல்லாம் கேள்வி கேட்டபோது, கேள்வி கேட்காத ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். நாட்டியம் கற்கும் ஆசையோடு தஞ்சை கிட்டப்பா பிள்ளையைத் தேடிப் போனபோதும் சேர்ந்தே போனார்கள். தஞ்சை நால்வரின் வழிவந்த அந்த ஆசான் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. காத்திருந்தார்கள். சேர்த்துக்கொண்ட பிறகு, ஏறக்குறைய 15 ஆண்டுகள் அவரிடம் குருகுலவாசம். ‘நர்த்தகி’ என்ற பெயரும் அந்தக் குரு வைத்ததுதான்.

ஒரு தோழி, பிறகு ஓர் ஆசிரியர். நர்த்தகியின் வாழ்க்கையைத் திருப்பிய ஆதரவை இரண்டு பேரைக் கொண்டே எண்ணிவிடலாம். ஊர் முழுக்க ஏற்றுக்கொண்ட பிறகுதான் வாழ்க்கை தொடங்கும் என்று அவர் காத்திருந்தால், தொடங்கியே இருக்காது.

பிரித்திகா யாஷினியின் கதை இன்னொரு விதம். சேலத்தைச் சேர்ந்த இவர், காவல்துறைத் துணை ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார். திருநங்கைக்கான கட்டம் படிவத்தில் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நீதிமன்றம் சென்றார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் தர்மபுரி மாவட்டத்தில் பணியில் சேர்ந்தார். இந்தியாவில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் திருநங்கை அவர்.

இந்தத் துணிவுக்குப் பின்னால் சில சமூக மாற்றங்களும் இருந்தன. தமிழகத்தில் 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி திருநங்கையர் நல வாரியம் அமைக்கப்பட்டது. ‘திருநங்கை’ என்ற சொல் அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் இடம்பிடித்து, பழைய வசைச் சொற்களை மெல்ல ஒதுக்கியது. சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2014இல் அதே ஏப்ரல் 15ஆம் தேதி, தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் தனியாகத் துணிய, சட்டமும் சொல்லும் துணை நிற்க வேண்டியிருக்கிறது.

சொல்ல நினைப்பவருக்கு

இதைப் படிப்பவரில் யாரோ ஒருவர், இந்தப் பக்கத்தை வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் படித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்குச் சில வார்த்தைகள்.

சொல்வது கடமை அன்று. சொல்லாமல் இருப்பதால் நீங்கள் பொய்யர் ஆகிவிட மாட்டீர்கள். எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் சொல்லும் ஆள் மிக நெருக்கமானவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மிகவும் பாதுகாப்பானவராக இருக்க வேண்டும். பெற்றோரைவிட ஒரு சித்தியோ, அக்காவோ, பள்ளி ஆலோசகரோ முதலில் கேட்க ஏற்றவராக இருக்கலாம். தொலைக்காட்சியில் ஒரு திருநங்கை வரும்போது அந்த நபர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். செய்தியில் வந்த ஒன்றைப் பற்றிப் பொதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

சண்டையின் நடுவே சொல்லாதீர்கள். தேர்வுக்கு முந்தைய இரவு, தீபாவளிக்கு உறவினர் கூடியிருக்கும் வேளை, இவையும் வேண்டாம். கேட்பவருக்கும் அழவோ, யோசிக்கவோ, மறுநாள் மீண்டும் பேசவோ நேரம் இருக்க வேண்டும். நேரில் வாய் வராவிட்டால் கடிதம் எழுதலாம். கடிதத்தை அம்மா இரண்டாம் முறை படிக்க முடியும்; கோபத்தில் பாதியில் நிறுத்திவிட்டாலும் பிறகு எடுத்துப் பார்க்க முடியும்.

வீட்டில் சொல்வதற்கு முன், வீட்டு நிலைமையை நிதானமாக எடைபோடுங்கள். அடி விழும், வெளியே அனுப்பிவிடுவார்கள், படிப்புச் செலவை நிறுத்திவிடுவார்கள் என்ற உண்மையான அச்சம் இருந்தால், முதலில் வெளியில் ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள். ஓர் இரவு தங்க ஓர் இடம், அழைக்க ஓர் எண், கையில் கொஞ்சம் பணம் ஆகியவற்றை ஏற்பாடு செய்த பிறகு பேசுங்கள். காத்திருப்பது கோழைத்தனம் அன்று.

பெற்றோரின் முதல் சொல்லை அவர்களின் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “நாங்க என்னடா தப்பு பண்ணோம்?” என்று ஓர் அப்பா கேட்டால், அதில் கோபத்தைவிடப் பயமே அதிகம் இருக்கலாம். பிள்ளைக்கு வேலை கிடைக்குமா, யாராவது அடித்துவிடுவார்களா, நாங்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம் அது. நீங்கள் பல ஆண்டுகள் யோசித்ததை அவர்கள் ஐந்து நிமிடத்தில் கேட்கிறார்கள். அவர்களுக்கும் காலம் தேவை. ஆனால் காலம் கொடுப்பது வேறு, வன்முறையைப் பொறுத்துக்கொள்வது வேறு. இரண்டாவதற்கு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை.

நடைமுறையும் தெரிந்திருக்கட்டும். சிங்கப்பூரில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெயரைச் சட்டப்படி மாற்றப் பெற்றோரின் சம்மதம் தேவை. ஹார்மோன் சிகிச்சைக்கும் பொதுவாக அப்படித்தான். இணையத்தில் விற்கும் மாத்திரைகளை வாங்கித் தாமாகவே உட்கொள்வது உடலுக்கு ஆபத்து. இதில் அவசரப்படாமல் மருத்துவரிடம் போங்கள். சட்டம் அனுமதிக்கும் வரை வாழ்க்கையை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். படிப்பு, நட்பு, திறன் இவையெல்லாம் உங்களுடன் வரும் சொத்து.

கேட்பவருக்கு

நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாமல் இருக்க, சில குறிப்புகள்.

சிரிக்காதீர்கள். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், “எங்கிட்ட சொன்னதுக்கு நன்றி” என்று சொன்னால் போதும். அடுத்து, “நான் உன்ன எப்படிக் கூப்பிடணும்?” என்று கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

“இது ஒரு கட்டம், போய்விடும்”, “உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியலையே”, “கடவுள் ஒத்துக்கொள்ள மாட்டார்” போன்றவற்றை அந்த நேரத்தில் தவிருங்கள். உடல் உறுப்புகளைப் பற்றியும் அறுவை சிகிச்சையைப் பற்றியும் கேட்காதீர்கள். உங்கள் உடலைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை, அல்லவா?

பெயரும் சுட்டுச்சொல்லும் முக்கியம். அவன், அவள் என்பதில் தடுமாற்றம் வந்தால் தமிழில் எளிய வழி ஒன்று உள்ளது. ‘அவர்’ என்று சொல்லலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான, மரியாதையான சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. ஆனால் அவர் தன்னை ‘அவள்’ என்றோ ‘அவன்’ என்றோ அழைக்கச் சொன்னால், அப்படியே அழையுங்கள். தவறி வேறு சொல் வந்துவிட்டால் ஒருமுறை திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். நீண்ட மன்னிப்புக் கேட்டால், கடைசியில் அவர்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: கேட்டதை யாரிடமும் சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில்கூட வேண்டாம். “அவங்களுக்கு உதவத்தான் சொன்னேன்” என்று வகுப்புக் குழு உரையாடலில் போட்ட ஒரு வரி, ஒருவரை வீட்டை விட்டே வெளியேற்றிவிடக்கூடும். வீட்டில் இன்னும் தெரியாது என்றால், அவர் பெற்றோர் முன்னிலையில் எந்தப் பெயரில் அழைப்பது என்றும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஒரே விதிவிலக்கு, அவர் தம் உயிருக்குத் தீங்கு செய்துகொள்ளக்கூடும் என்று நீங்கள் அஞ்சும் வேளை. அப்போது நம்பகமான பெரியவரிடமோ உதவித் தொலைபேசியிலோ உடனே பேசுங்கள். பேசப்போகிறேன் என்று அவரிடமும் சொல்லுங்கள்.

கதவைத் தட்டக்கூடிய இடங்கள்

நம் பள்ளிகளில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆலோசனைச் சேவை உண்டு. பேசத் தொடங்கும் முன், “நான் சொல்வது எந்த அளவுக்கு ரகசியமாக இருக்கும்? என் பெற்றோரிடம் சொல்வீர்களா?” என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி அன்று. அந்தப் பதிலைப் பொறுத்து எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்யலாம்.

மனம் தாங்காத வேளையில் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். தேசிய மனநல உதவி எண் 1771. பாலின அடையாளம் தொடர்பான ஆலோசனைக்கு ஊகாசாகா என்ற அமைப்பு நீண்ட காலமாக இயங்கி வருகிறது. வீட்டை இழந்த திருநங்கையருக்குத் தங்குமிடம் வேண்டும் என்று ஜூன் சுவாவும் அவருடைய மறைந்த சகோதரி அலிசியா சுவாவும் 2014இல் ‘தி டி புராஜெக்ட்’ அமைப்பைத் தொடங்கினர். 

மறுபடியும் அதே மேசை

என் தோழியை நான் மறுபடி சந்தித்தது, படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு. நான்தான் அழைத்தேன். அதே உணவங்காடி நிலையம். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

“அன்னிக்கு நீ திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல,” என்றார். “நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சுன்னாவது தெரிஞ்சிருக்கும்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “உன்ன எப்படிக் கூப்பிடணும்?”

அவர் தம் பெயரைச் சொன்னார். அவருடைய பாட்டியின் பெயரில் பாதியை எடுத்துத் தாமே வைத்துக்கொண்ட பெயர். அவருடைய அம்மாவுக்கு அந்தப் பெயர் இப்போது வாயில் வருகிறதாம். அப்பா இன்னும் எந்தப் பெயரையும் சொல்லாமல், “சாப்பிட்டாச்சா?” என்று மட்டும் கேட்கிறாராம். தினமும் கேட்கிறாராம்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை யாரிடம் சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்வார்.